வயிறும்... ரயிலும்!



லீவு விட்டால் போதும், பெட்டியைக் கட்டி விடுவீர்கள். பாட்டி வீடு, மாமா வீடு, கோவில், கடற்கரை... ஜன்னலோர சீட்டுக்கு அக்கா தம்பிக்குள் சண்டை வேறு! ஆனால், ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளே, 'அம்மா... வயிறு வலிக்குது' என்று சுருண்டு படுத்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். சிலருக்கு மூன்று நாளாகப் 'போகவே' போகாது. சிலருக்கோ போய்க்கொண்டே இருக்கும்!

சிரிப்பு வருகிறதா? சிரித்துக் கொள்ளுங்கள். வெட்கப்பட மட்டும் வேண்டாம். இன்றைக்கு நாம் பேசப் போவது அதைப் பற்றித்தான். பயணம் போனால் வயிறு ஏன் படுத்துகிறது? நம் வயிற்றிலிருந்து போவது எங்கே போய்ச் சேருகிறது? இந்த இரண்டு கேள்விக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதை எனக்குக் காட்டிக் கொடுத்தவன் என் மாணவன் ஒருவன்.

பாம்பன் பாலத்தில் ஒரு கேள்வி

அம்பத்தூரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்த காலம். 1993ல், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரை ராமேஸ்வரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போனோம். அப்போது எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜ் ரயில்தான். ராத்திரி முழுக்கப் பாட்டும் கும்மாளமுமாக வந்தார்கள்.

மறுநாள் ரயில் பாம்பன் பாலத்தில் மெல்ல ஏறியது. எல்லாரும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு கடலைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் கழிப்பறையிலிருந்து ஓடி வந்தான்.

"டீச்சர்... டீச்சர்... கக்கூஸ் ஓட்டை வழியா கீழே கடல் தெரியுது! அப்ப, நாம போறதெல்லாம் கடல்லயா விழுது? அந்தத் தண்ணியிலதானே டீச்சர் இப்ப குளிக்கப் போறோம்?"

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்து, "போய் உட்காருப்பா" என்று மழுப்பி விட்டேன். அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பதில்தான் என்னிடம் இல்லை.

அன்று மாலைக்குள் நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு. வழியில் ஈ மொய்க்கும் கடையில் நறுக்கி வைத்த பழம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். இன்னொரு பெண் தலை சுற்றி உட்கார்ந்து விட்டாள். விசாரித்தால், வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை!

"ஏம்மா குடிக்கலை?"

"குடிச்சா போகணுமே டீச்சர். அந்த ரூமுல ஒரே நாத்தம். கீழே தண்டவாளம் ஓடுறதைப் பார்த்தா பயமா இருக்கு..."

ஒரு ஓட்டை. அதைப் பார்த்து ஒருவன் கேள்வி கேட்டான், ஒருத்தி தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக் கொண்டாள். இன்றைக்கும் நம் அம்பத்தூர், ஆவடி மின்சார ரயில்களில் கழிப்பறை கிடையாது. 'வழியில் எங்கே போவது?' என்ற பயத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு வரும் பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பலாப்பழமும் ஒரு கடிதமும்

ரயிலில் கழிப்பறை வந்த கதையே ஒரு வயிற்றுக் கதைதான், தெரியுமா?

வெள்ளைக்காரர் காலத்தில் சாதாரண வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. அவசரம் என்றால் வண்டி நிற்கும் ஸ்டேஷனில் இறங்கி ஓட வேண்டும். 1909ல் வங்காளத்தைச் சேர்ந்த ஓகில் சந்திர சென் என்பவர் பலாப்பழத்தை நன்றாகச் சாப்பிட்டு விட்டு ரயில் ஏறினார். வயிறு உப்பிக் கொண்டது. அகமதுபூர் ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கினார். அவர் எழுவதற்குள் கார்டு விசில் ஊதி விட்டார்! ஒரு கையில் சொம்பு, மறு கையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிய மனிதர், பிளாட்பாரத்தில் எல்லார் முன்னிலையிலும் விழுந்து விட்டார். வண்டியும் போய் விட்டது.

கொதித்துப் போன அவர், சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் புகார்க் கடிதம் எழுதினார். இலக்கணப் பிழைகள் நிறைந்த கடிதம்தான். ஆனால், அந்தக் கடிதத்துக்குப் பிறகே சாதாரணப் பெட்டிகளிலும் கழிப்பறை வைக்கும் யோசனை வந்தது என்று சொல்வார்கள். அந்தக் கடிதம் டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. தமக்கு நேர்ந்த அவமானத்தை வெட்கப்படாமல் எழுதினாரே, அவருக்கு ஒரு சபாஷ் போடுங்கள்!

வயிற்றுக்குள் ஒரு கடிகாரம்

சரி, பயணத்தில் வயிறு ஏன் தகராறு செய்கிறது?

நம் சிறுகுடலின் நீளம் பெரியவர்களுக்குச் சுமார் 6 மீட்டர். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர். உணவில் உள்ள சத்தைச் சிறுகுடல் எடுத்துக் கொள்ளும். மிச்சத்திலிருந்து தண்ணீரைப் பெருங்குடல் உறிஞ்சிக் கொள்ளும். நீங்கள் தண்ணீர் குடிக்காமல், போக வேண்டியதையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? பெருங்குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் காய்ந்து இறுகிவிடும். அதுதான் மலச்சிக்கல். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் குடலை மந்தமாக்கும்.

நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நமக்கு நண்பர்கள். நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவைதான் நொதிக்க வைத்து உதவுகின்றன. இந்த நண்பர்களுக்கும் நேரம் காலம் உண்டு! நாம் தூங்கும் நேரம், சாப்பிடும் நேரத்துக்கு ஏற்ப அவை வேலை செய்கின்றன. இஸ்ரேலில் உள்ள வைஸ்மன் நிறுவன விஞ்ஞானிகள் 2014ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து இஸ்ரேலுக்கு விமானத்தில் வந்தவர்களின் குடல் பாக்டீரியாக்களைச் சோதித்தார்கள். பகல் இரவு மாறிப் போனதில், பாக்டீரியாக் கூட்டமும் மாறிப் போயிருந்தது. இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தது.

நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க விழித்திருந்து, காலை 11 மணிக்கு டிபன் சாப்பிட்டாலே வயிறு 'என்னப்பா இது?' என்று கேட்கும்.

மூன்றாவது காரணம்தான் ஆபத்தானது. கெட்ட கிருமிகள்! காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகள் ஒருவருடைய மலத்திலிருந்து இன்னொருவருடைய வாய்க்குப் போகின்றன. 'ச்சீ... அது எப்படி டீச்சர் போகும்?' என்கிறீர்களா? தண்ணீர் வழியாக, ஈயின் கால் வழியாக, கழுவாத கை வழியாகத்தான்.

ஓட்டை வழியே போனது எங்கே போயிற்று?

இப்போது என் மாணவன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

அவன் சொன்னது உண்மைதான். அந்த நாளில் ஓடும் ரயிலிலிருந்து எல்லாம் அப்படியே கீழேதான் விழுந்தது. கடலில் மட்டுமா? சென்ட்ரலிலிருந்து கோவைக்கும், பெங்களூருக்கும், மும்பைக்கும் போகும் ரயில்கள் வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி வழியாகத்தானே போகின்றன! நம் வீட்டுப் பக்கத்துத் தண்டவாளத்திலும் விழுந்தது. மழை பெய்தால் கரைந்து கால்வாய்க்கும், ஏரிக்கும், கிணற்றுக்கும் போகும். வெயில் அடித்தால் ஈ மொய்க்கும்.

இரும்பும் தப்பவில்லை. கழிவு பட்டுப் பட்டுத் தண்டவாளமும், அதைப் பிடித்திருக்கும் கொக்கிகளும் துருப்பிடித்தன.

எல்லாவற்றையும்விட வேதனையான விஷயம் ஒன்று உண்டு. 'ஸ்டேஷனில் நிற்கும்போது கழிப்பறையைப் பயன்படுத்தாதீர்கள்' என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். யாரும் கேட்கமாட்டார்கள். பிளாட்பாரத்துத் தண்டவாளத்தில் விழுந்ததை யார் சுத்தம் செய்தது? நம்மைப் போன்ற மனிதர்கள்தான், துடைப்பத்தோடும் தண்ணீர்க் குழாயோடும் இறங்கிச் செய்தார்கள். அவர்களுக்கும் நம்மைப் போலவே வயிறு உண்டு. வீட்டில் உங்களைப் போலப் பிள்ளைகள் உண்டு. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க 2013ல் நம் நாட்டில் ஒரு கடுமையான சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

உயிர் காத்த உப்பும் சர்க்கரையும்

ராமேஸ்வரத்தில் அந்த நான்கு பிள்ளைகளுக்கும் என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே! காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். டாக்டரிடமும் காட்டினோம். மறுநாள் எழுந்து உட்கார்ந்து விட்டார்கள்.

இந்த எளிய மருந்துக்குப் பின்னாலும் ஒரு பெரிய பயணம் இருக்கிறது. 1971ல் வங்கதேச விடுதலைப் போரின்போது, உயிருக்குப் பயந்து லட்சக்கணக்கான மக்கள் நடந்தே இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்கத்தில் பங்காவ் என்ற ஊர் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்து போனது. டாக்டர் திலீப் மகலனபிஸ் தயங்கவில்லை. உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா ஆகியவற்றைப் பொட்டலங்களாகப் போடச் செய்து, தண்ணீரில் கரைத்து வாய்வழியே குடிக்கக் கொடுத்தார். நோயாளிக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, அக்காவே ஊட்டினார்கள். அதற்கு முன் நூற்றுக்குச் சுமார் 30 பேர் இறந்து கொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது!

அதில் என்ன மந்திரம்? உப்பு மட்டும் தனியாகப் போனால் நோயுற்ற குடல் சரியாக உறிஞ்சாது. சர்க்கரையும் சேர்ந்து போனால் சிறுகுடலில் ஒரு கதவு திறக்கும். உப்பும் சர்க்கரையும் கைகோத்து உள்ளே நுழையும். தண்ணீரும் அவற்றின் பின்னாலேயே போகும். அவ்வளவுதான். 2022ல் அவர் காலமானார். 2023ல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

பெட்டிக்கு அடியில் ஒரு வயிறு!

நோய் வந்த பிறகு மருந்து சரி. நோயின் வழியை அடைப்பது எப்படி? அந்த ஓட்டையை மூட வேண்டும் அல்லவா?

இதற்கு வழி பனிமலையிலிருந்து வந்தது. சியாச்சின், லடாக் போன்ற உறைபனி இடங்களில் காவல் காக்கும் நம் ராணுவ வீரர்களின் கழிவு, குளிரில் மட்காமல் அப்படியே கிடக்கும். அதைச் செரிக்க வைக்க, ராணுவ ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் ஒரு தொட்டியை உருவாக்கியது. அதே முறையை ரயிலுக்குக் கொண்டு வந்தார்கள். பெயர், 'பயோ டாய்லெட்'.

கழிப்பறைக்கு அடியில் எஃகுத் தொட்டி ஒன்று இருக்கும். அதற்குள் காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களை விட்டிருப்பார்கள். அவை மலத்தைத் தின்று தண்ணீராகவும் வாயுவாகவும் மாற்றி விடும். அந்தத் தண்ணீரில் குளோரின் கலந்து வெளியே விடுவார்கள். நம் பெருங்குடலிலும் காற்று கிடையாது. அங்கும் இதே போன்ற வேலையைத்தான் பாக்டீரியாக்கள் செய்கின்றன. ஆக, ரயில் பெட்டிக்கு அடியிலும் ஒரு வயிறு இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

2011 ஜனவரியில் குவாலியரிலிருந்து வாரணாசி போகும் புந்தேல்கண்ட் எக்ஸ்பிரசில் இதை முதலில் பொருத்தினார்கள். அப்புறம் இந்தியாவிலேயே முதன்முதலாக, ஒரு துளிக் கழிவும் தண்டவாளத்தில் விழாத 'பசுமை வழித்தடம்' என்று 2016 ஜூலையில் எந்தப் பாதையை அறிவித்தார்கள் தெரியுமா? மானாமதுரை - ராமேஸ்வரம், 114 கிலோமீட்டர்! என் மாணவன் கேள்வி கேட்ட அதே பாம்பன் பாலம் இருக்கும் பாதை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வேண்டுமா?

2019 முடிவதற்குள் நாடு முழுவதும் சுமார் 70 ஆயிரம் பெட்டிகளில், இரண்டு லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயோ டாய்லெட்கள் பொருத்தப்பட்டு விட்டன. நமக்குப் பக்கத்தில், பெரம்பூரில் 1955 முதல் இயங்கும் ஐ.சி.எப். ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கும் இதில் பங்கு உண்டு. அங்கே உருவான வந்தே பாரத் ரயிலில், காற்றால் உறிஞ்சி, குறைந்த தண்ணீரில் சுத்தமாகும் கழிப்பறையே இருக்கிறது.

தொட்டிக்கு வந்த வயிற்று வலி

பாம்பனில் 1914ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில்கள் நின்று விட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் பிறகு என் பழைய மாணவன், அதே கேள்வி கேட்டவன்தான், தன் பிள்ளைகளோடு ராமேஸ்வரம் போய் வந்தான். வீட்டுக்கு வந்து சொன்னான்:

"டீச்சர், இப்ப ஓட்டை வழியா கடல் தெரியலை. ஆனா, எங்க பெட்டியில ஒரு கழிப்பறை அடைச்சுக்கிட்டு நின்னுது. எட்டிப் பார்த்தா, தண்ணி பாட்டில்!"

இதுதான் விஷயம், செல்வங்களே. பாக்டீரியாவால் மலத்தைத் தின்ன முடியும். பிளாஸ்டிக் பாட்டிலை, டீ கப்பை, பான் மசாலா உறையை, குழந்தையின் டயாபரைத் தின்ன முடியுமா? 2017ல் மத்திய அரசின் தணிக்கைத் துறை ஓர் அறிக்கை கொடுத்தது. சுமார் 25 ஆயிரம் பயோ டாய்லெட்களை மட்டும் எடுத்துப் பார்த்ததில், ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அடைப்புகள்!

அடைத்துக்கொண்டால் யார் எடுப்பது? மறுபடியும் ஒரு மனிதர்தான். எந்தக் கைகளை விடுவிக்க இத்தனை விஞ்ஞானிகள் பாடுபட்டார்களோ, அந்தக் கைகளை நம் ஒரு பாட்டில் மறுபடியும் உள்ளே விட வைக்கிறது. அடைத்துக்கொண்ட கழிப்பறையைப் பார்த்து, இன்னொரு சிறுமி தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

ஓட்டையை விஞ்ஞானிகள் மூடி விட்டார்கள். மீதி வேலை நம்முடையது.

பயணப் பையில் என்ன இருக்கிறது?

அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது இவற்றை மறக்காதீர்கள்:

* வீட்டிலேயே காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக் கொள்ளுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மின்சார ரயிலோ, பூந்தமல்லி பஸ்ஸோ ஏறும் முன் கழிப்பறைக்குப் போய் வாருங்கள். அவசரம் என்றால் அம்மாவிடம், டீச்சரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அடக்கக் கூடாது.

* இட்லி, எலுமிச்சை சாதம், வாழைப்பழம் நல்ல துணை. தோலை நீங்களே உரிக்கும் பழம் சிறந்தது. நறுக்கித் திறந்து வைத்த பழம், ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம்.

* சாப்பிடும் முன்னும், கழிப்பறைக்குப் போய் வந்த பின்னும் சோப்புப் போட்டு 20 நொடி கைகழுவுங்கள். சின்ன சோப்புத் துண்டு ஒன்று பையில் இருக்கட்டும்.

* ஒரு மஞ்சப்பை! குப்பை எல்லாம் அதற்குள். வீட்டுக்கு வந்து குப்பைத் தொட்டியில் போடலாம். கழிப்பறைக் குழிக்குள் எதையும் போடாதீர்கள்.

* இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. அளவு தப்பக் கூடாது; பெரியவர்களை வைத்துக்கொண்டு கலக்குங்கள். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டி விட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். ரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, சோர்ந்து போனாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பெரிய பட்டியலாக இருக்கிறதா? எல்லாம் சேர்த்து ஒரு சின்னப் பைதான்!

என் மாணவனுக்கு நான் 1993ல் சொல்லாமல் விட்ட பதிலை இப்போது சொல்லி விட்டேன். "நாம் போட்டது எங்கேயும் தொலைந்து போவதில்லை கண்ணா. தண்ணீரோடும் ஈயோடும் சுற்றி, யாரோ ஒருவர் வயிற்றுக்கே வந்து சேருகிறது. அது உன் வயிறாகவும் இருக்கலாம்."

வகுப்பில் யாராவது அசட்டுக் கேள்வி கேட்டால் சிரிக்காதீர்கள் செல்வங்களே. பதில் தேடுங்கள். அடுத்த பயணத்தில் உங்கள் பெட்டிக் கழிப்பறையை, உங்களுக்குப் பின்னால் வருபவர் முகம் சுளிக்காதபடி விட்டு வாருங்கள்.

செய்வீர்கள்தானே?